போச்சு என்று சொல்லிவிட்டு எழ வேண்டும்

என் வயதில் இருக்கும் உங்கள் எல்லார் வீட்டிலும் அந்தப் புட்டி இருக்கும். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலோ, தலையணைக்கு அடியிலோ, கைப்பையின் ஓரத்திலோ. மூடியைத் திருகினால் அறை முழுக்க மணக்கும். ஏதோ ஒரு இலையின், ஏதோ ஒரு பட்டையின் எண்ணெய். தலை வலித்தால் நெற்றியில், வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றி, பிள்ளை இருமினால் உள்ளங்காலில். நமக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கை தானாகப் போகும். என் கையும் அப்படித்தான் போனது.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. சற்றுக் குண்டான பிள்ளை. இந்த ஆண்டு ஒரு நாள் பூப்பந்து ஆடிவிட்டு வந்து முட்டி வலிக்கிறது என்றான். பினாங்குத் தீவில், பாயான் பாருவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, நான் தரையில் உட்கார்ந்து, அவன் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தேன். முடித்ததும் "போச்சா தம்பி?" என்று கேட்டேன். "போச்சும்மா" என்றான். மறுநாளும் தேய்த்தேன். அதற்கடுத்த நாளும். அலுவலகத்திலிருந்து வந்ததும் முகம் கழுவுவதுபோல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வயதில் ஒரு பையன் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணமா என்ன?

பிறகு ஒரு காலை. பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் காரில் ஏறுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தான். வேறு யாருடைய காலையோ எடுத்து வைப்பதுபோல. நான் பள்ளிச் சாலையில் திரும்பவில்லை. நேராக மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

எலும்பு மருத்துவர் முட்டியைப் பெயருக்குத்தான் தொட்டுப் பார்த்தார். அவனைப் படுக்கவைத்துத் தொடையை மடக்கித் திருப்பினார். பாதம் தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது. இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தொடை எலும்பின் உருண்டைத் தலை அதன் இடத்திலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது என்றார். வளரும் வயதில், உடல் பருத்த பிள்ளைகளுக்கு வருவது. இடுப்பில் கேடு, ஆனால் வலி முட்டியில் தெரியும். அதனால்தான் எல்லாரும் முட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இனி ஓர் அடிகூட நடக்கக்கூடாது, உடனே திருகாணி வைத்து நிறுத்த வேண்டும் என்றார். யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இடுப்புல பிரச்சனை இருந்திருக்கா?"

"என் அண்ணனுக்கு ஆணி வச்சிருக்கு டாக்டர். ஆனா அது சின்ன வயசுல மாடிப்படியில விழுந்ததுனால."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"விழுறதுக்கு முன்னாடி அவருக்கு முட்டி வலி இருந்துச்சா?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. நான் வாயைத் திறந்தேன். மனசுக்குள்தான் பதில் வந்தது. இருந்தது டாக்டர். முட்டி வலி இருந்தது. நாங்கள் எண்ணெய் போட்டோம். அந்தக் காலின்மேல் ஏறி மிதித்தது நான்தான்.

இப்போது மகனுக்கு அறுவை முடிந்துவிட்டது. ஆனாலும் என் அண்ணன் இடுப்பை உடைத்தது என் கால்தானா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது, பிறகு உட்காரவே இல்லை. அதனால் அந்த ஒரு மழைக்காலத்தை நினைவில் இருக்கிறபடி எழுதிப் பார்க்கிறேன்.

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு வலியை எடுக்கும் சக்தி உண்டு என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு எதுவானாலும் எண்ணெய் தடவி அந்தக் காலால் மிதித்தால் போய்விடும். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவோம். அதற்கும் இதற்கும் ஒரு முரண்பாடும் இருப்பதாக அம்மாவுக்குத் தோன்றியதில்லை. "சாமி குடுத்த காலு" என்றுதான் சொல்வார்.

அப்போது ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமட் சாலைக்குப் பின்புறம் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அம்மா பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அங்கே வேலை செய்த எல்லாருக்கும் கழுத்து வலிக்கும், தோள் இறுகும். தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல். நான் அவர்களை எல்லாம் அக்கா என்றே கூப்பிட்டேன். ஒன்பது வயதில் எனக்கு இருந்த மரியாதை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை.

எண்ணெயை அம்மாவே காய்ச்சுவார். விடுமுறை நாளில், ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியச் சட்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, தட்டிய பூண்டு, ஓமம், கிராம்பு, நசுக்கிய செரை எனும் எலுமிச்சைப்புல் தண்டு எல்லாம் போட்டு, பூண்டு சிவக்கும்வரை சிறு தீயில் வைப்பார். இறக்கி ஆறியபிறகு, மார்க்கெட் தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஜாதிக்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். பினாங்கில் பிறந்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லத் தேவையில்லை. இனிப்பும் காரமும் கலந்து மூக்கின் மேல்பகுதியில் போய் நிற்கும். பழைய ரோஜா சர்பத் புட்டியில் வடிகட்டி ஊற்றிவைப்பார். எங்கள் துணி, போர்வை, பள்ளிப் புத்தக அட்டை எல்லாவற்றிலும் அதன் கறை இருந்தது. அந்தச் சட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. கேட்க இப்போது ஆள் இல்லை.

மிதிப்பதற்கு முறைகள் உண்டு. வலிக்காரர் பாயில் குப்புறப் படுக்க வேண்டும். அம்மா எண்ணெய் தடவுவார். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வர வேண்டும். மிதிக்கும்போது நான் பேசக்கூடாது. முடிந்ததும் படுத்திருப்பவர் "போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழ வேண்டும். நன்றி சொல்லக்கூடாது. போச்சு என்று ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "அது படுக்கிறவங்களுக்குச் சொல்றது. மிதிக்கிறவளுக்கு எதுக்கு?" என்றார் அம்மா.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். குண்டாக, எப்போதும் எதையாவது மென்றுகொண்டு, யாரையாவது கிண்டல் செய்துகொண்டு இருப்பான். அக்காக்கள் வந்தால் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"கிளினிக் தெறந்தாச்சு. டாக்டரம்மா கால் கழுவிட்டு வர்றாங்க. வரிசையா நில்லுங்க."

"டேய் கம்பவுண்டர், வாய மூடு. நீயே ஒரு மூட்ட கணக்கா இருக்க, உன்ன மிதிக்க லாரிதான் வரணும்" என்பார் ஒரு அக்கா.

"லாரி எதுக்குக்கா, நீங்க ஏறினா போதாதா?"

அந்த அக்கா படுத்துக்கொண்டே சிரிப்பார். முதுகு குலுங்கும். என் கால் வழுக்கும். "ஏய் சின்னக்காலு, மெதுவா லா. நாளைக்கு எனக்கு ஓவர்டைம் இருக்கு, இடுப்பு வேணும்." பிறகு "போச்சு" என்று சொல்லிக்கொண்டு எழுந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே மிதித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஆண்டின் கடைசி மழையில்தான் அண்ணனுக்கு முட்டி வலி வந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலேயே நாற்காலியில் சாய்ந்து, "முட்டி குத்துதும்மா" என்றான். அம்மா முட்டியைப் பிடித்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. "வளர்ற வலி. மழை வேற. வாயு எறங்கியிருக்கும்" என்றார். புட்டி வந்தது. பாய் வந்தது. நானும் வந்தேன்.

"ரோடு ரோலர் வருது, எல்லாரும் ஒதுங்குங்க" என்றான் அண்ணன், குப்புறப் படுத்தபடி. நான் தொடையிலிருந்து முட்டிவரை மிதித்தேன். அவன் உடம்பு ஒரு முறை விறைத்தது. சத்தம் இல்லை. "போச்சு" என்றான். எழுந்தான். நான் சிரித்தேன்.

அது தினசரியானது. அம்மா வேலையிலிருந்து வந்து குளித்ததும் அவன் முறை. சில நாள் அம்மா கையால் மட்டும் தேய்ப்பார், சில நாள் நான் ஏற வேண்டும். ஒவ்வொரு நாளும் போச்சு என்றுதான் எழுந்தான். ஆனால் மறுநாள் மறுபடி நொண்டுவான். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடக்க ஆரம்பித்தான். அப்பாவுக்கு அது எரிச்சலைக் கொடுத்தது.

"வாத்து மாதிரி நடக்காத. கால நேரா வை."

"நேரா வச்சா வலிக்குதுப்பா."

"நேத்து போச்சுன்னு சொன்னியாமே?"

அண்ணன் பாதத்தைத் திருப்பி நேராக வைக்கப் பார்ப்பான்.

அப்பா கெட்டவர் இல்லை. மகன் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே கவலை. பள்ளி விளையாட்டுப் பயிற்சிக்குப் போகாமல் இருக்க இவன் கண்டுபிடித்த வழிதான் முட்டி வலி என்று நினைத்தார். அதனால் ஒரு சட்டம் போட்டார். அண்ணன் இனி லிஃப்டில் ஏறக்கூடாது. மாடிப்படியில்தான் வர வேண்டும். கூடவே அவரும் ஏறுவார். "பாரு, இந்த வயசுல நான் ஏறலையா? மாலாஸ்தான் உன் நோய்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வருவார். சோம்பல் என்ற அந்த மலாய்ச் சொல்லை அப்பா சொன்னால் அடி விழுந்ததுபோல் இருக்கும். நான் லிஃப்டில் போய் மேலே காத்திருப்பேன். அண்ணன் வரும்போது கைப்பிடியில் இரண்டு கைகளையும் வைத்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறி வருவான். என்னைப் பார்த்ததும் கைகளை எடுத்துவிடுவான்.

கோயிலில் நடந்ததும் நினைவிருக்கிறது. பூசையில் எல்லாரும் முழந்தாளிடும் நேரம். அண்ணன் முழந்தாளிடவில்லை. பலகையின் நுனியில் பாதி உட்கார்ந்து, நெற்றியை முன்பலகையில் வைத்துக்கொண்டான். அப்பா அவன் தொடையை விரல்களால் பற்றித் திருகினார். பார்த்தவர்களுக்கு அப்பா அவன் காலில் கை வைத்திருப்பதாகத்தான் தோன்றும். அண்ணன் முழந்தாளிட்டான். மணி அடித்து முடியும்வரை அப்படியே இருந்தான். எழுந்தபோது அவன் சட்டைக் கழுத்து முழுக்க நனைந்திருந்தது. வெளியே வந்ததும் அம்மா அப்பாவிடம், "வெளிறிப் போயிருக்கான் பாருங்க. கிளினிக்குக் கூட்டிட்டுப் போவோமா?" என்று கேட்டார். அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"வலி இருக்கா? உள்ளதச் சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கு அது ஏன் என்று அப்போது தெரியவில்லை. "இல்லப்பா. போச்சு" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு என்று நினைக்கிறேன். பூசை முடிந்து வந்தோம். அப்பா வழியில் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றுவிட்டார். அம்மா கையில் காய்கறிப் பை இருந்ததால் லிஃப்டில் போனார். நான் அன்றைக்கு அண்ணனோடு படியில் ஏறினேன். அவன் எனக்கு ஏதோ ஒரு ஆசிரியரைப்போல நடித்துக் காட்டிக்கொண்டே வந்தான். நடுவில் ஒரு படியில் வலது காலை ஊன்றினான். கால் அவனைத் தாங்கவில்லை. அவனுக்குக் கால் தடுக்கவும் இல்லை, வழுக்கவும் இல்லை. நான் பின்னால்தான் இருந்தேன், பார்த்தேன். முதலில் கால் போனது. அதற்குப் பிறகுதான் அவன் விழுந்தான். அவன் கத்தியபோது அது அவன் குரல் என்று எனக்குத் தெரியவில்லை.

பொது மருத்துவமனையில் ஒரு மருத்துவர் அப்பாவிடம் எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். அப்பா சட்டைப்பையைத் தடவினார். பேனாவைச் சரிசெய்தார்.

"இன்னைக்குத்தான் டாக்டர். படி ஈரமா இருந்துச்சு. வழுக்கி விழுந்துட்டான்."

அம்மா பக்கத்தில் நின்றார். அந்த நிமிடத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கதை கிடைத்தது. உறவினர் வந்தால் அதையே சொன்னார்கள். பள்ளிக்கும் அதையே சொன்னார்கள். ஈரப்படி, வழுக்கி விழுந்தான், இடுப்பு உடைந்தது. சொல்லச் சொல்ல அது உறுதியாகி, முட்டி வலி அதன் அடியில் போய்விட்டது. எனக்கும்தான். நான் படித்தவள், கணினியில் எதையும் தேடிப் பார்க்கிறவள். என் மகன் முட்டி வலிக்கிறது என்றபோது எனக்கு அண்ணன் நினைவுக்கே வரவில்லை. அண்ணன் என்றால் ஈரப்படி. அவ்வளவுதான்.

அண்ணன் அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க மருத்துவமனையில் கிடந்தான். திரும்பி வந்தபோது ஒரு கால் கட்டையாகியிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறான், ஒவ்வோர் அடிக்கும் ஒரு தோள் இறங்கும். அவன் இல்லாத நாட்களில் ஒரு மாலை, குசினியில் அம்மாவும் அப்பாவும் பேசியது காதில் விழுந்தது.

"எண்ணெய் எண்ணெய்னு நீதான் நாளக் கடத்தின."

"நடிக்கிறான்னு சொன்னது யாரு? படி ஏறச் சொன்னது யாரு?"

பிறகு குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள், என்னை யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய குற்றம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காக்களில் ஒருவர் விவரம் தெரியாமல் வழக்கம்போல ஒரு மாலை வந்தார். அம்மா கதவைப் பாதி திறந்து, "இல்லம்மா, பாப்பா கால்ல புண்ணு" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் தரையில் உட்கார்ந்து இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. அம்மா பொய் சொல்ல மாட்டார் என்பதால், நான் மறுபடியும் தேடினேன். அதன்பிறகு யாரும் என் காலைக் கேட்டு வரவில்லை. அம்மா எண்ணெய் காய்ச்சுவதையும் விட்டுவிட்டார். அப்பா அந்த வீட்டில் இருந்தவரை லிஃப்டில் ஏறவே இல்லை. வயதாகி, மூச்சு வாங்கி, நடுவில் நின்று நின்று, படியில்தான் வந்தார். உடம்புக்கு நல்லது என்பார். இப்போது நினைத்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

மகனுக்கு அறுவை முடிந்த மறுநாள், மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். அந்த நிலையில் இருக்கும் காலை ஒரு சின்னப் பெண் மிதித்தால் எலும்பு நழுவுமா என்று. அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். நழுவல் மிதித்ததால் வருவதில்லை என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையின் குதிகாலுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கும்போது நாளைக் கடத்துவதுதான் ஆபத்து, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் உங்கள் அண்ணன் நொண்ட வேண்டியிருந்திருக்காது என்றார். "உங்க பையனும் கொஞ்சம் லேட்தான். ஆனா தப்பிச்சிட்டான்." ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்று மதியம் அண்ணன் வந்தான். தீவுக்கு எதிரே பெருநிலத்தில், நிபோங் திபாலில் அவனுக்கு டயர் கடை. பாலத்தைத் தாண்டி, மீன் பிரட்டலும் சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கட்டிலில் கிடந்த என் மகனின் தலையைக் கலைத்தான்.

"எனக்கு ஒரு ஆணி, உனக்கு ஒரு ஆணி. இனிமே இரும்புக் கடைக்காரன் நம்மள வெல கேப்பான்."

"மாமா, உங்களுக்கு ரொம்ப வலிச்சதா?"

"வலியா? எனக்கா? நர்ஸுங்க அழகா இருந்தாங்க, அதுல ஒண்ணும் தெரியல."

மகன் சிரித்தான். அவன் தூங்கத் தொடங்கியதும் நானும் அண்ணனும் கீழே சிற்றுண்டிச் சாலைக்குப் போனோம். அவன் காப்பி வாங்கிக்கொண்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்தான். நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, விழுறதுக்கு முன்னாடி உனக்கு முட்டி வலி இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"நான் தினமும் மிதிச்சேன்."

"நீயா? அப்ப நீ எவ்வளவு இருப்ப? பூன ஏறி எறங்குற மாதிரிதான் இருக்கும்."

"விளையாடாதண்ணே. மிதிச்சதுனால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நாளக் கடத்தினதுதான் தப்புன்னாங்க. அம்மா அப்பா கடத்தினாங்க. நான் கூட நின்னேன்."

அவன் காப்பியைக் கலக்கினான். சீனி கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தான்.

"நாளக் கடத்தினது நான் லா, பாப்பா. அவங்க கேட்டப்பல்லாம் போச்சு போச்சுன்னு சொன்னது யாரு?"

"அது முறைக்குச் சொல்றதுதானே?"

"முறையா? உனக்குத் தெரியாதா?" அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "போச்சுன்னு சொல்லாம எந்திரிச்சா, வலி மிதிச்சவ காலுக்குப் போயிரும். பாயில படுக்குற எல்லார்கிட்டயும் அம்மா காதுல சொல்லுவாங்க. உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாது, பயந்துருவன்னு."

நான் மேசைக்கடியில் இடது காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"பதிமூணு வயசு. நம்பினேன். முன்னாடி நாள் போச்சுன்னு சொல்லிட்டு அடுத்த நாள் இல்லன்னு சொன்னா, அந்தக் கணக்கு என்னாகும்னு தெரியல. அதனால எல்லார்கிட்டயும் போச்சுன்னே சொன்னேன். கோயில் வாசல்ல அப்பா கேட்டார், ஞாபகம் இருக்கா? நீ பக்கத்துல நின்ன. வெள்ள சப்பாத்து போட்டுக்கிட்டு. இவளுக்குப் போயிருச்சுன்னா இவ எப்படி நடப்பான்னு நெனச்சேன்."

இதையும் அவன் யாரோ ஒரு மடையனைப் பற்றிச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சுற்றிலும் தட்டுகளின் சத்தம். ஒரு குழந்தை மைலோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"அம்மாகிட்ட இதச் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அவங்க சொன்ன வார்த்தையாலதான்னு ஆயிருமே." காப்பியை ஒரே மடக்காகக் குடித்தான். "கடைசியா அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவங்களே கேட்டாங்க. அப்ப எண்ணெய் போட்டப்ப உனக்கு உண்மையிலேயே வலி போச்சாடான்னு. ஆமாம்மா, கொஞ்ச நேரத்துக்குப் போகும்னு சொன்னேன். நல்லாத் தூங்கினாங்க."

அவன் கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பினான். வாகன நிறுத்துமிடம்வரை போனேன். தோள் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கார்களுக்கு நடுவே போனான். ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அவன் ஒரு வார்த்தை கடிந்திருந்தால் நான் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

மேலே போகும்போது லிஃப்டில் மற்றொன்று தோன்றியது. என் மகனிடம் நான் எந்த முறையும் சொல்லவில்லை. வலி யாருக்கோ போய்விடும் என்று அவனை யாரும் பயமுறுத்தவில்லை. அப்படியானால் அவன் ஏன் தினமும் போச்சும்மா என்றான்?

வார்டில் மகன் விழித்திருந்தான். நான் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாதி வந்தார், இளம் மலாய்ப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு மலாயில், "வலி எவ்வளவு தம்பி? ஒண்ணும் இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து" என்று கேட்டார்.

மகன் தாதியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அதிக நேரம் இல்லை, கண்ணைத் திருப்பி எடுக்கும் நேரம்தான். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தான் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். புருவம், உதடு, மடியில் பிசைந்துகொண்டிருந்த கைகள்.

"ரெண்டு" என்றான்.

தாதி குறித்துக்கொள்ளப் போனார். நான் எழுந்தேன்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். நான் வெளிய நிக்கிறேன். இன்னொரு தடவ கேளுங்க."

"எங்கம்மா போறீங்க?" என்றான் மகன்.

"இங்கதான் இருக்கேன் தம்பி. நீ அவங்களுக்குப் பதில் சொல்லு."

திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். துணிக்குப் பின்னால் தாதி மறுபடி கேட்பது கேட்டது. பக்கத்துக் கட்டில் பெரியவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

"ஏழு" என்றான் மகன்.

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து. அம்மா வந்ததுலேர்ந்து."

தாதி மருந்து எடுக்க என்னைக் கடந்து வேகமாகப் போனார். எனக்கு உள்ளே ஓடி அவன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போகவில்லை. அவர் ஊசியோடு திரும்பி வந்து போட்டு முடித்து, அவன் மூச்சு சீராகும்வரை, திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.